மூச்சை இழுப்பதா, விடுவதா: தலைசுற்றலில் தொடங்கிய ஒரு விவாதம்

2025 ஜனவரி 5, காலை. தெஹிவளையிலிருந்து கேள்வி

மூன்று மாதங்களாகக் காலை ஐந்தரை மணிக்கு எழுந்து, மொட்டைமாடியில் இருபது நிமிடம் மூச்சுப்பயிற்சி செய்கிறேன். நெஞ்சு நிறைய இழுத்து, உடனே விட்டு, மறுபடியும் இழுப்பதுதான் எனக்குச் சொல்லித் தந்த முறை. பத்தாவது நிமிடத்தில் தலை சுற்றுகிறது. விரல் நுனிகளும் உதடும் விறைக்கின்றன. அது பிராணசக்தி ஏறுவதன் அடையாளம் என்றார்கள். ஆனால் நான்காம் மாடிக்குப் படியேறும்போது முன்பு இளைத்தது போலவே இன்றும் இளைக்கிறது. கோட்டையில் இருக்கும் அலுவலகத்துக்கு 100 ஆம் இலக்க பஸ்ஸில் போகும்போது வரும் படபடப்பும் குறையவில்லை. மூச்சுப்பயிற்சியால் உடல் தேறும், மனம் அமைதியடையும் என்பது உண்மையா, அல்லது நான் செய்வதில் பிழையா? வயது 41. நோய் எதுவும் இல்லை.

ஜனவரி 5, இரவு. என் பதில்

பிழை உங்களிடம் இல்லை, சொல்லித் தந்த முறையில் இருக்கிறது. தலைசுற்றலும் விறைப்பும் எந்தச் சக்தியும் ஏறுவதன் அடையாளம் அல்ல. உடலுக்கு வேண்டிய காபனீரொட்சைட்டை அளவுக்கு மீறி ஊதித் தள்ளிவிட்டீர்கள் என்பதன் அடையாளம். அந்த வாயு வெறும் கழிவு என்றுதான் நாங்கள் பாடசாலையில் மனனம் செய்தோம். ஆனால் அடுத்த மூச்சு எப்போது வேண்டும் என்பதை மூளைத்தண்டு முதன்மையாகத் தீர்மானிப்பது இரத்தத்தில் காபனீரொட்சைட்டு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை வைத்துத்தான், ஒட்சிசன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை வைத்து அல்ல. ஹோல்டேன், பிறீஸ்ட்லி என்ற இருவர் 1905 ஆம் ஆண்டிலேயே இதைக் காட்டினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு டென்மார்க்கில் கிறிஸ்தியன் போர் வேறொன்றைக் காட்டியிருந்தார்: காபனீரொட்சைட்டு கூடுதலாக உள்ள இடத்தில்தான் ஈமோகுளோபின் தான் சுமந்து வந்த ஒட்சிசனை எளிதாக இறக்கிவைக்கும். நீங்கள் ஊதித் தள்ளும்போது இரத்தத்தில் ஒட்சிசன் நிறைந்தே இருக்கிறது, ஆனால் அது இறங்க மறுக்கிறது. கூடவே மூளைக்குப் போகும் இரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. தலை சுற்றாமல் என்ன செய்யும்?

கொரோனாக் காலத்தில் விரலில் மாட்டிப் பார்த்தோமே, அந்தச் சிறு கருவி வீட்டில் இருந்தால் இப்போது மாட்டிப் பாருங்கள். சுகமான ஒருவருக்கு 97, 98 என்று காட்டும். ஏற்கெனவே நிறைந்த குடத்துக்குள் நீங்கள் மூன்று மாதமாக நீர் ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள்.

நாளை பயிற்சி வேண்டாம். ஒரு கதிரையில் பத்து நிமிடம் சும்மா இருந்துவிட்டு, மூச்சை மாற்ற முயலாமல் ஒரு நிமிடத்துக்கு எத்தனை தடவை மூச்சு எடுக்கிறீர்கள் என்று மட்டும் எண்ணி எழுதுங்கள்.

ஜனவரி 6

22 என்று எழுதியிருக்கிறீர்கள். ஓய்வில் இருக்கும் வளர்ந்தவருக்கு 12 முதல் 20 வரை இருப்பது வழமை. நாம் எண்ணத் தொடங்கியதும் மூச்சு தானாகவே மாறிவிடும் என்பதால் ஒரு நாள் கணக்கை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. இந்தக் கிழமை முழுவதும் எண்ணுங்கள். எண் இறங்கவே இல்லையென்றால், அல்லது நெஞ்சில் நோவு, கால் வீக்கம், இரவில் மூச்சு முட்டி எழும்புவது போன்ற எதுவும் இருந்தால், என்னிடம் கேட்டுக்கொண்டிருக்காமல் வைத்தியரிடம் போங்கள். இரத்த அழுத்தத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

ஜனவரி 7

"வேகமாக மூச்சு எடுத்தால் கூடுதல் காற்று உள்ளே போகும் அல்லவா" என்று ஒருவர் மறுத்திருக்கிறார். கணக்கு எழுதுவது என் தொழில் என்பதால் கணக்காகவே சொல்கிறேன்.

மூக்கிலிருந்து நுரையீரலின் சிற்றறைகள் வரை உள்ள குழாய்களில் ஏறத்தாழ 150 மில்லிலீற்றர் காற்று தங்கிவிடுகிறது. அது இரத்தத்தோடு எதையும் பரிமாறுவதில்லை. உள்ளே வந்த வழியே வெளியே போய்விடும். ஒவ்வொரு மூச்சிலும் இந்த 150 நட்டம். ஒருவர் நிமிடத்துக்கு 30 தடவை, தடவைக்கு 250 மில்லிலீற்றர் என்று மேலெழுந்தவாரியாக மூச்சு எடுத்தால், மொத்தம் 7,500. பயன்படுவது ஒவ்வொன்றிலும் 100 மட்டுமே, ஆக 3,000. இன்னொருவர் நிமிடத்துக்கு 10 தடவை, தடவைக்கு 750 என்று எடுத்தால் மொத்தம் அதே 7,500. ஆனால் பயன்படுவது 6,000. நெஞ்சைத் தூக்கிச் செய்யும் வேலை இருவருக்கும் இருக்கிறது, வரவு ஒருவருக்கு மற்றவரைப் போல இரு மடங்கு. பஸ்ஸில் படபடப்பு வரும்போது நீங்கள் எடுப்பது முதல் வகை மூச்சு. மொட்டைமாடியில் எடுத்தது அளவிலும் வேகத்திலும் கூடிய வேறொரு வகை. இரண்டுமே நான் சொல்லும் மூச்சு அல்ல.

ஜனவரி 9

மெதுவான மூச்சை நான் எந்த வகுப்பிலும் கற்கவில்லை. 2022 இல் எரிபொருள் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்த மாதங்களில் கற்றேன். வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டியில் உள்ள அலுவலகத்துக்குப் போக ஓட்டோவும் இல்லை, வருகிற பஸ்ஸில் கால் வைக்க இடமும் இல்லை. ஏறக்குறைய நான்கு கிலோமீற்றர். சிறு வயதிலிருந்தே தொய்வு (ஆஸ்துமா) இருந்ததால், நடந்து போவது என்ற எண்ணமே எனக்குப் பயத்தைத் தந்தது. வேறு வழி இல்லாததால் ஒரு நாள் மரைன் டிரைவ் வழியே, கடற்கரைத் தண்டவாளத்தை இடப்பக்கத்தில் வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினேன்.

பம்பலப்பிட்டியை எட்டுவதற்குள் வாயால் இளைத்துக்கொண்டு ஒரு மதிலில் கைவைத்து நின்றுவிட்டேன். அப்போது எனக்கு நினைவு வந்தது அம்மம்மா. யாழ்ப்பாணத்தில் அவர் விறகடுப்பு ஊதுவதைப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்திருக்கிறேன். குழலை உதட்டில் வைத்து, மூக்கால் சின்னதாக ஒரு மூச்சு எடுத்து, சாம்பல் பறக்காதபடி மெல்லவும் நீளவும் ஊதுவார். தணல் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குச் சிவந்து போகும் வரை அந்த ஒரே மூச்சு நிற்கும். எழுபது வயதில், ஐந்து பேருக்குச் சமைக்கும் அடுப்பை அப்படி ஊதியவர் ஒரு நாளும் இளைத்து நான் கண்டதில்லை. மதிலடியில் நின்றபடி உதட்டைக் குவித்து அதே போல நாலைந்து தடவை ஊதினேன். நெஞ்சின் இறுக்கம் இளகியது. பிறகு மூன்று அடிக்கு மூச்சை இழுத்து, நான்கு அடிக்கு விட்டு நடந்தேன். மூன்றாம் கிழமையில் மூன்றுக்கு ஐந்து. எரிபொருள் அட்டையும் வரிசையும் ஒழுங்கான பின்னரும் நான் அந்த நடையை விடவில்லை.

அன்று புரிந்தது இதுதான்: இளைப்பு வரும்போது நாம் எல்லோரும் இழுக்கத்தான் பார்க்கிறோம். விடுவதை மறந்துவிடுகிறோம். உள்ளே பழைய காற்று நிறைந்திருக்கும்போது புதியது எங்கே போய் இருக்கும்?

ஜனவரி 9, சற்றுப் பின்னர்

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். மூன்று, நான்கு என்பது என் கால்களின் நீளத்துக்கும் என் நடையின் வேகத்துக்கும் பொருந்திய கணக்கு. அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். விடும் மூச்சு இழுக்கும் மூச்சைவிடச் சற்று நீளமாக இருந்தால் போதும்.

ஜனவரி 11

"வயிற்றுக்குள் காற்றை இறக்கு என்கிறார்களே, எனக்கு வயிறு வீங்குகிறதே தவிர வேறொன்றும் இல்லை" என்று வத்தளையிலிருந்து ஒரு வாசகி.

வயிற்றுக்குள் காற்று போவதில்லை. நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் நடுவே குடைபோல் கவிந்திருக்கும் பிரிமென்றகடு கீழே இறங்கித் தட்டையாகும்போது, வயிற்றில் இருக்கும் உறுப்புகள் இடம் விட்டு முன்னே தள்ளப்படுகின்றன. வயிறு எழுவது அதனால். வேண்டுமென்றே வயிற்றைத் துருத்தினால் பிரிமென்றகடு இறங்கிவிட்டது என்று பொருள் அல்ல. இரண்டு உள்ளங்கைகளையும் கடைசி விலா எலும்புகளின் இரு பக்கங்களிலும், பெருவிரல் முதுகுப் பக்கமாக இருக்கும்படி வையுங்கள். மூச்சு உள்ளே வரும்போது கைகள் பக்கவாட்டில் விலக வேண்டும், தோள்கள் அசையக்கூடாது. மல்லாந்து படுத்து முழங்காலை மடித்துக்கொண்டு செய்தால் இது எளிதில் பிடிபடும். எனக்கு இது கைவர இரண்டு கிழமை எடுத்தது.

ஜனவரி 14, தைப்பொங்கல்

இன்று நடந்ததை மறைக்காமல் எழுதிவிட வேண்டும். எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில், வாகனம் நிறுத்தும் இடத்தில், மூன்று கல் வைத்துப் பொங்கினோம். பொச்சு மட்டை ஈரம். புகை மேலே போக வழியில்லாமல் அங்கேயே சுழன்றது. பானை பொங்கி வழிந்த நேரத்தில் எனக்குத் தொய்வு இழுக்கத் தொடங்கிவிட்டது. இரண்டரை வருடமாக மூச்சைப் பழகிய நம்பிக்கையில், ஒரு படியில் உட்கார்ந்து உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் அப்படிப் போனது. பேச்சு துண்டு துண்டாக வருவதைக் கண்ட மகள்தான் மேலே ஓடிப்போய் நீல நிற இன்ஹேலரைக் கொண்டுவந்தாள்.

அது என் தவறு. சுருங்கிப்போன சுவாசக்குழாயை விரிப்பது மருந்து. மெதுவான மூச்சு செய்வது அந்த நேரத்துப் பதற்றத்தைத் தணிப்பது மட்டுமே. தொய்வு உள்ளவர்கள் முதலில் மருந்தை எடுங்கள், அதன் பிறகு மூச்சைப் பாருங்கள். மருந்து எடுத்தும் அடங்காவிட்டால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

ஜனவரி 19

திருமந்திரம் பிராணாயாமத்துக்கு 16, 64, 32 என்று கணக்குச் சொல்லியிருக்க, நீங்கள் ஏன் மூச்சை அடக்குவது பற்றி ஒன்றுமே எழுதவில்லை என்று கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர் வருத்தத்தோடு கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அதை நான் தவிர்த்துக்கொண்டு வந்தது உண்மை.

இடப்பக்கத்து நாசியால் பூரகம் (இழுத்தல்) 16, கும்பகம் (அடக்குதல்) 64, இரேசகம் (விடுதல்) 32 என்பதே அங்கே சொல்லப்படும் அளவு. இதைப் படிக்கும் பலர் 16 விநாடி, 64 விநாடி, 32 விநாடி என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியானால் ஒரு மூச்சு 112 விநாடி. ஏறக்குறைய இரண்டு நிமிடம். ஆனால் இந்த எண்களை மாத்திரைக் கணக்காகக் கொள்வதே வழக்கம். தமிழ் இலக்கணத்தில் மாத்திரை என்பது கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம். இயல்பாக விரலை நொடித்துப் பாருங்கள், ஒரு விநாடிக்குள் இரண்டு தடவையாவது நொடித்துவிடலாம். அந்த அளவில் பார்த்தாலே அது பாதியாகச் சுருங்கிவிடும். பாதியானாலும் கும்பகம் அரை நிமிடம். அது வருடக்கணக்கில் குருவின் பக்கத்தில் இருந்து பயின்றவர்களுக்கு உரியது, அலுவலகத்துக்குப் போகும் அவசரத்தில் மொட்டைமாடியில் தனியாகச் செய்பவர்களுக்கு உரியது அல்ல.

இதை அனுபவத்தில் சொல்கிறேன். 2016 இல் நான் சேர்ந்த ஒரு வகுப்பில், பெயர் வேண்டாம், முதல் நாளே மூச்சை அடக்கி 64 வரை எண்ணச் சொன்னார்கள். அடுத்த நாள் கபாலபாதியை, அதாவது வயிற்றை உள்ளே இழுத்து மூச்சைக் குத்திக் குத்தி வெளியே தள்ளுவதை, நிமிடத்துக்கு நூறு தடவை செய்யச் சொன்னார்கள். யாருக்கு என்ன நோய் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அப்போது இரத்த அழுத்தம் 150 க்கு 95. நான் அதை அறிந்திருக்கவுமில்லை. மூன்றாம் நாள் பின்மண்டையில் இடி விழுந்தது போன்ற வலியோடு வீட்டுக்கு வந்து, அன்று மாலையே வைத்தியரிடம் போனபோதுதான் தெரிந்தது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குடலிறக்கம், வலிப்பு, கண் அழுத்தம் உள்ளவர்கள் வேகமான குத்து மூச்சையும் நீண்ட கும்பகத்தையும் தொடவே கூடாது.

ஆனால் அந்த மூன்று எண்களில் முதலையும் கடைசியையும் மட்டும் எடுத்துப் பாருங்கள். 16 க்கு 32. விடுவது இழுப்பதைப் போல இரு மடங்கு. என் அம்மம்மா அடுப்படியில் செய்ததும் அதுதான்.

ஜனவரி 20

நேற்று எழுதியதை இரவில் மீண்டும் படித்தபோது, மரபைத் தள்ளிவிட்டதாகத் தோன்றுமோ என்று கவலைப்பட்டேன். என் எண்ணம் அதுவல்ல. அவசரமாகப் பிடித்துக்கொள்வதைத்தான் மறுக்கிறேன். தொடங்குபவருக்கு என் கணக்கு: நான்கு விநாடி இழுத்தல், ஆறு விநாடி விடுதல், அடக்குதல் இல்லை. அல்லது ஐந்துக்கு ஐந்து. எப்படியும் பத்து விநாடிக்கு ஒரு மூச்சு, நிமிடத்துக்கு ஆறு.

ஏன் ஆறு என்று கேட்பீர்கள். மணிக்கட்டில், பெருவிரலுக்குக் கீழே, மூன்று விரல் வைத்து நாடியைப் பிடியுங்கள். இழுக்கும்போது துடிப்பு சற்று விரைவதும், விடும்போது தளர்வதும் கைக்குத் தெரியும்; இளையவர்களுக்கு நன்றாகவே தெரியும், வயது ஏற ஏற மங்கும். கார்ல் லுட்விக் என்ற ஜேர்மானியர் 1847 இல் இதைப் பதிவு செய்தார். விடும் மூச்சின்போது இதயத்தை அடக்கிப் பிடிப்பது, மூளைத்தண்டிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பு. இரத்த அழுத்தம் ஏறி இறங்குவதை உணர்ந்து இதயத்தைத் திருத்தும் ஏற்பாடு ஒன்று கழுத்து நாடியிலும் பெருநாடியிலும் இருக்கிறது; அந்தத் திருத்தம் ஒரு சுற்றை முடிக்க ஏறக்குறைய பத்து விநாடி எடுக்கிறது. மூச்சும் பத்து விநாடிக்கு ஒன்று என்று வந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கின்றன. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் சிறு விசையிலேயே அது உயரப் போகுமே, அதே போல.

ஜனவரி 20, மாலை

இன்னொன்றை எழுத மறந்துவிட்டேன். இத்தாலியைச் சேர்ந்த பெர்னார்டி என்ற வைத்தியரும் அவரது கூட்டாளிகளும் 2001 இல் வெளியிட்ட ஆய்வில், இலத்தீன் மொழியில் செபமாலை சொன்னாலும், பௌத்த மந்திரமான "ஓம் மணி பத்மே ஹூம்" சொன்னாலும், சொல்பவரின் மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்குத் தானாக இறங்குவதைக் கண்டார்கள். எங்கள் மாடியில் மூன்றாம் தளத்து அன்ரி மாலையில் செபமாலை சொல்வார். பாதியை அவர் ஒரே மூச்சில் சொல்ல, மறுபாதியைப் பேரப்பிள்ளைகள் சொல்லும்போது அவர் மூச்சு எடுக்கிறார். கதவு திறந்திருந்தபோது கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன்: நிமிடத்துக்கு ஏழு. தேவாரத்தைப் பண்ணோடு மெதுவாகப் பாடுபவருக்கும் அடிக்கு ஒரு மூச்சு என்று ஏறத்தாழ அங்கேதான் போய் நிற்கும் என்பது என் அனுமானம். கோவிலுக்குப் போய் வந்தால் மனம் இலேசாகிறது என்று அம்மா சொல்வதை இப்போது வேறு விதமாகக் கேட்கிறேன்.

ஜனவரி 27

இது அவசரம். நீச்சல் பழகும் மகன் தண்ணீருக்குள் நெடுநேரம் இருப்பதற்காக, குதிக்கும் முன் இருபது தடவை வேகமாக மூச்சு எடுக்கிறான், நல்ல பயிற்சிதானே என்று ஒரு தகப்பன் கேட்டிருக்கிறார். உடனே நிறுத்துங்கள். வேகமாக ஊதியதால் காபனீரொட்சைட்டு குறைந்துவிடும். அது மீண்டும் ஏறி "மூச்சு எடு" என்று மூளை எச்சரிப்பதற்கு முன்னரே ஒட்சிசன் தீர்ந்து, பிள்ளை எந்த அறிகுறியும் இல்லாமல் தண்ணீருக்குள் மயங்கிவிடுவான். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படி இறந்திருக்கிறார்கள். மூச்சுப்பயிற்சி எதையும் தண்ணீரிலும் வாகனம் ஓட்டும்போதும் செய்ய வேண்டாம்.

பெப்ரவரி 2

முதல் கேள்வியின் பாதிக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை: மூச்சுப்பயிற்சியால் உடல் தேறுமா?

நேரடியாக, பெரிதாக இல்லை. இதை எழுத எனக்கு மனம் வரவில்லை, ஆனாலும் அதுதான் உண்மை. நோயற்ற ஒருவர் மாடியேறி இளைக்கும்போது அவருடைய நுரையீரல் தோற்றுப்போவதில்லை. அந்த நேரத்திலும் இரத்தத்தில் ஒட்சிசன் நிறைந்தே இருக்கும். அதைத் தசைகளுக்கு அனுப்பும் இதயமும், எடுத்துப் பயன்படுத்தும் தசைகளும்தான் பழக்கம் போதாமல் திணறுகின்றன. அவை நடந்தால் தேறும், ஏறினால் தேறும், உட்கார்ந்து மூச்சு விட்டால் தேறாது. கிழமைக்கு 150 நிமிடமாவது மிதமான வேகத்தில் உடலை அசைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மிதமான வேகம் என்றால், பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது.

மூச்சு இதில் மூன்று வழிகளில் உதவுகிறது. கடும் வேலையில் மூச்சுத் தசைகளே உடல் எடுக்கும் ஒட்சிசனில் பத்திலொரு பங்கையோ அதற்கு மேலோ தின்றுவிடுவதால், வீணான அவசர மூச்சு குறைந்தால் அந்தப் பங்கு கால்களுக்கு மிஞ்சும். இளைப்பு வந்ததும் பயந்து நிறுத்திவிடும் பழக்கம், காபனீரொட்சைட்டு சற்று ஏறுவதை உடல் பொறுத்துக்கொள்ளப் பழகும்போது தணியும். மூன்றாவது, நடை முடிந்த பின் ஐந்து நிமிடம் நீள மூச்சு விட்டால் இதயம் விரைவில் அடங்கும். எனக்கு இரண்டாவதுதான் பெரிய பேறாக இருந்தது. தொய்வு பிடித்த பிள்ளையாக வளர்ந்தவருக்கு, இளைப்பு வேறு, ஆபத்து வேறு என்று உடலால் உணர்வதற்கு நாற்பது வருடம் போதவில்லை.

இடத்தையும் பார்க்க வேண்டும். நவம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்குக் காற்று வீசும் மாதங்களில் கொழும்பின் காற்று தூசு மிகுந்து கெடுகிறது. அதற்கு மேல் காலி வீதியின் பஸ் புகை. காலை ஏழரைக்கு காலி வீதியோரம் நின்று ஆழமாக இழுப்பது உடலுக்குச் செய்யும் கேடு. காலிமுகத்திடல், சுதந்திர சதுக்கத்தின் நடைபாதை, விகாரமகாதேவிப் பூங்கா, மரைன் டிரைவ் ஆகியவற்றில் எது கிட்டவோ அங்கே, ஆறு மணிக்கு முன்னரே போய்விடுங்கள்.

பெப்ரவரி 10

தெஹிவளையிலிருந்து: "நேற்று நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டபோது லிஃப்ட் நின்றுவிட்டது. அரிசி மூட்டையோடு நான்கு மாடியும் ஏறினேன். இரண்டாம் மாடியில் நின்று, உதட்டைக் குவித்து ஐந்து தடவை ஊதினேன். மேலே போனதும் தலை சுற்றவில்லை, ஆனால் நன்றாக இளைத்தது. ஓய்வில் எண்ணும்போது இப்போது 17."

இளைக்கத்தான் வேண்டும். அரிசி மூட்டையோடு இளைக்காமல் ஏறுபவர் எவருமில்லை. தலை சுற்றவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பெப்ரவரி 12

மூக்கால் மட்டுமே மூச்சு எடுக்க வேண்டுமா என்ற கேள்வி நான்கு பேரிடமிருந்து வந்துவிட்டது. ஓய்விலும் மெதுவான நடையிலும், ஆம். மூக்கு காற்றை வடிகட்டி ஈரமாக்குகிறது. மூக்கைச் சுற்றியுள்ள எலும்புக் குழிகளில் உருவாகும் நைத்திரிக் ஒட்சைட்டு, நுரையீரலின் இரத்தக்குழாய்களை விரிக்கிறது. வாயை மூடி "ம்ம்ம்" என்று முனகினால் மூக்கிலிருந்து வரும் நைத்திரிக் ஒட்சைட்டு அமைதியாக விடும்போது இருப்பதைவிடப் பதினைந்து மடங்கு ஏறுவதாக சுவீடனில் 2002 இல் அளந்தார்கள். வண்டு போல முனகும் பிராமரிப் பிராணாயாமத்தைச் செய்பவர்கள் மகிழலாம். அதிலும் எனக்கு முக்கியமாகப் படுவது, முனகும்போது விடும் மூச்சு தானாகவே நீண்டுவிடுகிறது என்பது.

ஓடும்போது, படியில் விரைந்து ஏறும்போது, வாயைத் திறக்கலாம். உடல் கேட்கிறது, கொடுங்கள். ஜனவரியில் ஒருவருக்கு "எப்போதும் மூக்கால்" என்று பதில் எழுதியிருந்தேன்; அதை மீளப் பெறுகிறேன்.

பெப்ரவரி 23

மனத்தைப் பற்றி எழுத இத்தனை நாள் தயங்கினேன், ஏனென்றால் இதில் எல்லோருக்கும் ஒரே விடை இல்லை. மூச்சைக் கவனி என்று சொன்னதும் சிலருக்குப் படபடப்பு கூடுகிறது. என் தங்கைக்கு அப்படித்தான். கண்ணை மூடி மூச்சைப் பார்த்தால், அடுத்த மூச்சு வருமா என்ற அச்சம் வந்துவிடும். அவளுக்கு நான் சொன்னது, கண்ணைத் திறந்து வை, மூச்சை எண்ணாதே, அடிகளை எண்ணு. வத்தளையில் அவள் வீட்டு ஒழுங்கையில் நடந்தபடி மெல்ல முனகுகிறாள். அவளுக்கு அது போதுமாக இருக்கிறது.

மற்றவர்களுக்கு: ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் நடந்து 2023 இல் வெளிவந்த ஆய்வு ஒன்று நாளுக்கு ஐந்து நிமிடம், ஒரு மாதம் என்று சில முறைகளை ஒப்பிட்டது. மூக்கால் ஒரு மூச்சு இழுத்து, அதன் மேல் இன்னும் சிறிது இழுத்து, வாயால் நீளமாக விடும் முறை, மனநிலையை உயர்த்துவதில் தியானத்தைவிட முன்னே நின்றது. அழுது ஓய்ந்த குழந்தை விசும்புவதைக் கவனித்தவர்களுக்கு இந்த மூச்சு புதிதல்ல. பஸ்ஸில் நெரிசலுக்குள் நின்றுகொண்டே, பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் இதைச் செய்யலாம். நான் பம்பலப்பிட்டிச் சந்தியில் மூன்று, கொள்ளுப்பிட்டியில் மூன்று என்று வைத்திருக்கிறேன்.

நித்திரை இல்லாமல், சாப்பாடு இறங்காமல், வாழ்வே வேண்டாம் என்ற நினைப்பு வருகிறவர்களுக்கு ஐந்து நிமிட மூச்சு போதாது. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். அழைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மார்ச் 4

நோன்பு நேரத்தில் செய்யலாமா என்று மருதானையிலிருந்து ஒரு சகோதரி. உட்கார்ந்து செய்யும் மெதுவான மூச்சுக்குத் தடை எதுவும் எனக்குத் தெரியவில்லை. விடியுமுன் உண்ணும் சஹர் உணவுக்குப் பின் ஐந்து நிமிடம் நல்ல நேரம். விரைந்த நடையை நோன்பு திறந்து, நீர் குடித்து, ஒரு மணித்தியாலம் ஆன பின் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வெக்கையில் நீர் இறங்காத உடம்பை இளைக்க வைக்க வேண்டாம்.

மார்ச் 16

தெஹிவளையிலிருந்து நேற்றிரவு: "காலையில் முப்பது நிமிடம் கடற்கரையோரம் நடை, வந்து ஐந்து நிமிடம் நான்குக்கு ஆறு. மொட்டைமாடிப் பயிற்சியை விட்டுவிட்டேன். ஓய்வில் 14. நான்காம் மாடி வாசலில் மனைவி கதவைத் திறந்து, மரக்கறி வாங்கினீர்களா என்று கேட்டால் மூச்சு வாங்காமல் பதில் சொல்ல முடிகிறது. பஸ்ஸில் படபடப்பு இன்னும் வருகிறது, ஆனால் பம்பலப்பிட்டி தாண்டுவதற்குள் போய்விடுகிறது. அக்கா, இனி ஐந்துக்குப் பத்து செய்யட்டுமா?"

வேண்டாம், தம்பி. நான்குக்கு ஆறிலேயே இன்னும் இரண்டு மாதம் இருங்கள். எண்ணும்போது தொண்டையில் இறுக்கமோ, அடுத்த மூச்சை அள்ளி எடுக்கும் அவசரமோ வந்தால், மூன்றுக்கு ஐந்து என்று குறையுங்கள். ஏப்ரல் வெயில் தொடங்கிவிட்டால் நடையை ஐந்தரைக்கே முடித்துவிடுங்கள். சித்திரைப் புத்தாண்டு கழிந்ததும் ஓய்வில் எத்தனை என்று மறுபடி எண்ணி எழுதுங்கள்.